மாமா அழுத்தாத பொத்தான்

எனக்குப் பயம் வந்தால் வாய் கூடும். கண்டதையும் பேசுவேன், பகிடி விடுவேன், பக்கத்தில் நிற்பவருக்கு எரிச்சல் வரும்வரை நிறுத்தமாட்டேன். என் மனைவிக்குப் பயம் வந்தால் வேலை கூடும். முற்றத்தைக் கூட்டுவாள், கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டுவாள். அவளுடைய அப்பா, அதாவது என் மாமா, பயந்து நான் பார்த்ததில்லை. நோகிறது என்று அவர் வாயால் சொல்லியும் கேட்டதில்லை. ட்ரக்டர் பெட்டியின் கதவில் விரல் நசிந்து நகம் கழன்ற அன்றுகூட, "நோகுதா மாமா?" என்று கேட்டதற்கு, "அது கிடக்கட்டும்" என்றுதான் சொன்னார். எதைக் கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். பசிக்கிறதா, அது கிடக்கட்டும். காய்ச்சலா, அது கிடக்கட்டும்.

மாமா கரடியனாற்றுப் பக்கத்தில் வட்டை விதானையாக இருந்தவர். ஒரு குளத்துத் தண்ணீரை நம்பிக் கிடக்கும் வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். அந்த வட்டையில் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்பதைப் பார்ப்பவர் வட்டை விதானை. கமக்காரர்கள் கூடி அவரைத் தெரிவு செய்வார்கள், பிறகு கூடி நின்று அவரை ஏசுவார்கள். மழைகாலத்துப் பெரும்போகத்தில் அது லேசான வேலை. சிறுபோகத்தில் குளம் வற்றத் தொடங்கும்போதுதான் ஆளின் குணம் தெரியும். வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவன் ஆசைக்குத் தண்ணீரைக் கட்டினால், கடைசியில் கிடக்கிற காணி வெடித்துப் போகும். ஆகவே முறை வைத்துத்தான் விடவேண்டும். மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் நீளத்துக்கும் நடப்பார். தன் சொந்தக் காணிக்கு எல்லோருக்கும் பிறகுதான் மடையைத் திறப்பார். ஒரு போகம் கதிர் வருகிற நேரத்தில் வீட்டு வயலே கருகிப் போனதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போவான். அப்படிப் போனவன் நான். வந்தாறுமூலை கெம்பஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. காகிதமும் கணினியும்தான் தெரியும், மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மாமா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, நிறைவாகவும் சொன்னதில்லை. மரியாதையாக "மருமகன்" என்று கூப்பிடுவார், நான் "மாமா" என்பேன். அதற்கு மேலே எங்களுக்குள் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் சண்டையில்லாமல் இருப்பதற்கு அது நல்ல வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அவருடைய குடலில் ஒரு கட்டி இருக்கிறதென்று சொன்னார்கள். வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் துணைக்கு நிற்க ஓர் ஆண் வேண்டும். அவருக்கு ஒரே பிள்ளை என் மனைவி. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருந்தார். நெல் வியாபாரி. அவருக்கும் வயிற்றில் வெட்டவேண்டும், மாமாவுக்கு இரண்டு நாள் கழித்து. மாமா அவரை முதலாளி என்றார், அவர் மாமாவை விதானையார் என்றார். எனக்குக் கலியாணம் முடிந்த நாளிலிருந்து என்னோடு பேசாத கதையெல்லாம் மாமா அந்த மனிதரோடு ஒரு பின்னேரத்தில் பேசி முடித்தார். முதலாளிக்கும் கொஞ்சம் வயல் உண்டு, வாய்க்காலின் கடைசியில்.

"எங்கட காணிக்குத் தண்ணி வாறண்டா வானத்தால மட்டுந்தான் விதானையார்" என்றார் முதலாளி.

"ஏன், உங்கட வட்டைக்கு விதானை இல்லையா?" என்று மாமா கேட்டார். உண்மையாகவே கவலைப்பட்ட குரலில் கேட்டார். நான் பகிடியாக எதையோ சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை.

வெட்டுவதற்கு முதல்நாள் மயக்க மருந்து டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். வயது குறைந்த பெண். கூடவே ஒரு மெஷினும் வந்தது. பெரிய வானொலிப் பெட்டி அளவு இருக்கும். உள்ளே மருந்து ஏற்றிய பெரிய ஊசிக்குழாய் ஒன்று கிடையாக வைக்கப்படும். வெளியே ஒரு வயர், அதன் நுனியில் கட்டைவிரலுக்கு அளவான பொத்தான்.

"ஐயா, வெட்டின பிறகு நோவு இரிக்கும். நோகக்குள்ள நீங்களே இதை அமத்தலாம். அமத்தினா கொஞ்ச மருந்து நாளத்துக்குள்ள போகும். ஒருக்காக் குடுத்தா, கொஞ்ச நேரம் கழியுமட்டும் மெஷின் மறுகா குடுக்காது. அதால கூடிப் போயிருமெண்டு பயப்படத் தேவையில்ல. ஆனா நீங்க மட்டுந்தான் அமத்தோணும். வேற ஆரும் தொடக் கூடா."

கடைசி வசனத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"நித்திரையாப் போனவர் அமத்த மாட்டார். அதுதான் இதுக்குக் காவல். பக்கத்தில இரிக்கிறவங்க பாவம் பாத்து அமத்தினா, மருந்து கூடி மூச்சு நிண்டிரும்."

நோவுக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டே மூச்சு நிற்பதைப் பற்றியும் சொல்கிறாரே என்று அந்த மெஷினைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இந்த வாட்டில இப்போதைக்கு மெஷின் ஒண்டுதான் இரிக்கு. உங்களுக்குப் பிறகு பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் இதுதான். விளங்கிச்சா ஐயா?"

"ஓம்" என்றார் மாமா.

நானும் ஓம் என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதலாளியும், அவரைக் கேட்காமலே, ஓம் என்றார். டொக்டர் சந்தோசமாகப் போய்விட்டார். எங்கள் ஊரில் டொக்டர் கேட்டால் ஓம்தான். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். படித்த பிள்ளை இவ்வளவு நேரம் நின்று சொன்னதற்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அது. இல்லை, விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று டொக்டரிடம் சொன்ன ஒரு மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த ஓமை நம்பித்தான் மாமாவின் உயிர் கிடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெட்டி முடித்துக் கொண்டுவந்தபோது மாமாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று என்றார்கள். என் மனைவி தொலைபேசியில் அழுதாள், பிறகு முற்றம் கூட்டப் போய்விட்டாள். மிஸ் வந்து, எங்கள் பக்கத்தில் நேர்ஸ்மாரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், பொத்தானை மாமாவின் கைக்குள் வைத்தார். மாமா அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் கழித்து இன்னொருமுறை. பிறகு தலையைத் திருப்பி மெஷினுக்குள் இருந்த ஊசிக்குழாயை வெகுநேரம் பார்த்தார். பொத்தானைப் போர்வையின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையிலிருந்துதான் என் பதற்றம் தொடங்கியது. மாமாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மூச்சு மேலோட்டமாக, பயந்து பயந்து போனது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்திருந்தார்கள், உள்ளே மூன்று உருண்டைகள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் உருண்டைகள் எழும்பவேண்டும். மாமா இழுத்தார். முதல் உருண்டை கொஞ்சம் நடுங்கியது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"நோகுதா மாமா?"

"அது கிடக்கட்டும்."

"அமத்துங்களன் மாமா, அதுக்குத்தானே தந்திரிக்காங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அப்படி இருந்தது என் நிலைமை. மெஷின் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறது, அவருடைய கட்டைவிரல்தான் இடம் கொடுக்கவில்லை.

ஏன் என்று யோசித்து யோசித்து மண்டை வெடித்தது. பார்வையாளர் நேரத்தில் மாமாவின் சொந்தக்காரர் ஒருவர் வந்து, மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு, "மோர்பினா? அது சாகக் கிடக்கிறவங்களுக்கெல்லோ குடுக்கிற. புடிச்சா விடாதாம்" என்று மாமாவின் காதில் விழும்படியே சொன்னார். இவரை யார் வரச் சொன்னது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பயம்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். அவர் போனதும் மாமாவின் காதோடு, கட்டியை எடுத்தாயிற்று, யாரும் சாகக் கிடக்கவில்லை, இரண்டு நாள் மருந்து யாரையும் பிடித்து வைக்காது என்று சொன்னேன். டொக்டரிடமே கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

"அது கிடக்கட்டும் மருமகன்" என்றார்.

பின்னேரம் உடம்பு சுட்டது. டொக்டர் வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். இருமச் சொன்னார். மாமா இருமப் பார்த்தார். தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அதோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். டொக்டர் மெஷினின் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா இதை அமத்தவே இல்லையே. கொண்டு வந்த நேரம் ரெண்டு தரம். அவ்வளவுதான்."

என்னை வெளியே கூப்பிட்டார். வயிற்றில் வெட்டியவர்கள் நோவுக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார்கள், இருமமாட்டார்கள், சளி நெஞ்சுக்குள் தேங்கிவிடும், தேங்கினால் நிமோனியா. இந்த வயதில், பழைய சுருட்டுக்கார நெஞ்சுக்கு, அது வந்தால் லேசில் விடாது. இவ்வளவையும் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு மற்ற ஐயாவை வெட்டின உடனே மெஷின் அங்கால போயிரும். அதுக்குள்ள இவர் இருமோணும், எழும்பி நடக்கோணும். நீங்க பக்கத்திலதானே இரிக்கிறீங்க? கதைச்சுப் பாருங்க."

பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒரே வீட்டில் இத்தனை காலம் பக்கத்தில் இருந்துதான் ஒன்றும் கதைக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது எந்த வாயால் கதைப்பது? எனக்கு அழுகை வந்தது. வாட்டுக்கு வெளியே, கடலோடு சேரும் உப்புத்தண்ணீர் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்று அதை அடக்கினேன்.

மனைவி தொலைபேசியில் எடுத்தாள். நான் மறைக்கப் பார்த்தேன், குரலிலேயே பிடித்துவிட்டாள்.

"அவர் அமத்தாட்டி நீங்க அமத்துங்களன்! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா? என்ன மனிசன் நீங்க!"

"மூச்சு நிண்டிரும் எண்டு டொக்டர் சொன்னவ."

"இப்ப மட்டும் மூச்சு ஒழுங்காப் போகுதா?"



திரும்பி வந்தபோது மாமா களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். நித்திரையிலும் முனகினார். விழித்திருக்கும்போது அடக்கி வைத்ததெல்லாம் நித்திரையில் வந்தது. அந்தச் சத்தத்தை அவரிடமிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். பொத்தான் போர்வையின் மேல் கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கேட்டால் தருவேன் என்பதுபோல. ஒரே ஒரு தரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது.

"தம்பி" என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து முதலாளி. மெதுவாகத்தான் சொன்னார். "வேணாம் தம்பி. அந்தப் புள்ள திருப்பித் திருப்பிச் சொல்லிற்றுப் போன."

கையை எடுத்தேன். அழுத்தினால் நான் கொன்றவன், அழுத்தாவிட்டால் சாகப் பார்த்துக்கொண்டு நின்றவன். அன்று அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில்தான் இருந்தேன்.

விடிந்தது. முதலாளியை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஆயத்தம் நடந்தது. பச்சை அங்கி போட்டு, இடுப்பில் சாரம் இல்லாமல், கால்களை ஒடுக்கிக்கொண்டு கட்டிலில் இருந்தார். உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் தகப்பனின் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். மிஸ் எங்கள் கட்டிலில் சேலைன் மாற்றிக்கொண்டிருந்தார். மாமா உருண்டைப் பெட்டியை வாயில் வைத்து இழுத்தார். உருண்டை நடுங்கவும் இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை காலமும் மாமா என்று சொல்லிக் குனிந்து நடந்தவன், வாட்டில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன்.

"என்னத்துக்கு மாமா இந்தப் பிடிவாதம்? செத்துக் காட்டப் போறீங்களா? உங்கட மகள் அங்க சோறு தண்ணி இல்லாமக் கிடக்கா. நான் என்ன பதில் சொல்ற அவளுக்கு? கல்லில நார் உரிக்கலாம், உங்கட வாயால ஒரு சொல்லு எடுக்கேலாது! ஏன் அமத்துறீங்க இல்ல? சொல்லுங்க!"

குரல் உடைந்து கடைசியில் அழுதுவிட்டேன். மாமா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"முதலாளிக்கு இண்டைக்கு வெட்டுறாங்க மருமகன்."

"அதுக்கு?"

"ஒரு துருசு, ரெண்டு வாய்க்கால்." துருசு என்றால் குளத்தின் மதகு. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தார். "டொக்டர் சொன்னவதானே, ஒருக்கா விட்டா கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிரும் எண்டு. முறை வைச்சுத்தான் விடுறாங்க. நான் ரெண்டு தரம் துறந்து பாத்தன். குழாயில குறைஞ்சிட்டு. தலைப்பில கிடக்கிறவன் எல்லாத்தையும் குடிச்சா, கடைசிக் காணிக்காரன் என்ன செய்வான்?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். நான் மோர்பின் பயத்தைத் தேடினேன், பிடிவாதத்தைத் தேடினேன். இந்த மனிதர் வயிறு கிழிந்து கிடந்த இடத்திலும் விதானை வேலை பார்த்திருக்கிறார். மருந்து வாட்டுக்குப் பொது, மெஷின் முறை வைத்து விடுகிறது, தன் காணிக்குக் கடைசியில்தான். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கித்தான் இருந்தது, அவருடைய வட்டையில் வைத்து.

மிஸ் கையில் சேலைன் போத்தலோடு அப்படியே நின்றார்.

"ஐயா, இது உங்களுக்கெண்டு ஏத்தின மருந்து. அவருக்குப் புதுசா வேற ஏத்துவம். உங்கடதில ஒரு சொட்டும் அவருக்குப் போகாது."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் இருந்தா ஊத்திருவம். ரெண்டு பேர் நிண்டு பாத்து ஊத்தோணும். சட்டம் அப்பிடி."

மாமாவின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழிகிற வான் பாய்ந்து, போகத்துக்குத் தேவைப்படும் தண்ணீரெல்லாம் யாருக்கும் உதவாமல் வாவிக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டின் மேல் நின்று அதைப் பார்த்தார், ஏதோ இழவு வீட்டில் நிற்பதுபோல.

"ஊத்துவீங்களா?" என்றார். கையைக் கொஞ்சம் உயர்த்தி யன்னலுக்கு வெளியே மின்னிய தண்ணீரைக் காட்டினார். "வாவிக்கா விடுறீங்க?"

"ஓம் ஐயா" என்றார் மிஸ்.

முதலாளி ஓதுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"விதானையார், என்ட வட்டைக்கு வேற குளம் இரிக்கி. உங்கட மடையை நீங்க துறங்க. நான் தியேட்டருக்குப் போகக்குள்ள நீங்க நோகக் கிடக்கிறதைப் பாத்துற்றுப் போக ஏலா."

மாமா போர்வையைத் தடவினார். பொத்தானை எடுத்துக் கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மெஷின் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. தள்ளுவண்டி வந்து முதலாளியைக் கொண்டுபோனது. போகும்போது அவர் மாமாவுக்குக் கையைக் காட்டினார், மாமா பொத்தானைப் பிடித்த கையாலேயே திரும்பக் காட்டினார்.

பச்சை விளக்கு வரும்போதெல்லாம், நோவு இருந்தால் அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. பிறகு நித்திரையானார். எனக்கு இப்போது மற்றப் பயம் பிடித்தது. நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்குவதற்கும் அடுத்தது ஏறுவதற்கும் நடுவில் வருகிற அமைதி எனக்கு ஒரு யுகமாக இருந்தது. மிஸ்ஸை நச்சரித்துக் கூப்பிட்டேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்து மூச்சை எண்ணிவிட்டு, "நல்லா இரிக்கார், நீங்கதான் மூச்சு விடாம இரிக்கிறீங்க" என்றார்.

எழும்பியதும் மாமா தலையணையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருமினார். காறிக் காறி, வாட்டே திரும்பிப் பார்க்க இருமினார். மூன்றாவது உருண்டை எழும்பவில்லை, இரண்டு எழும்பின. நான் தொலைபேசியை அவருடைய வாயருகே பிடித்து மனைவிக்கு அந்த இருமலைக் கேட்கக் கொடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காய்ச்சலும் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் எழும்பி நடக்கமாட்டேன் என்றார். காலைக் கீழே வைத்தால் வயிறு அவிழ்ந்து விழுந்துவிடும்போல இருக்கிறதாம். நாளைக்கு, நாளைக்கு என்றார். பின்னேரம் முதலாளியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மெஷினைக் கழற்றினார்கள். குழாயில் இருந்த மிச்சத்தை இரண்டு மிஸ்மார் நின்று பார்த்து ஊற்றினார்கள், மாமா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கழுவித் துடைத்த மெஷினில் புதிய மருந்தை ஏற்றிப் பக்கத்துக் கட்டிலில் பூட்டினார்கள். மாமாவுக்கு இனி குளிசையும் ஊசியும்தான்.

நான் தேத்தண்ணீர் எடுக்க வெளியே போய்த் திரும்பியபோது, முதலாளி அரை மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் அழுதபடி தகப்பனின் தலைமாட்டில் நின்றான். அவன் கையில் பொத்தான் இருந்தது. நேற்று என் கையில் இருந்ததுபோலவே இருந்தது. நான் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும், ஆனால் வாய் வரவில்லை. வாய் கூடும் என்று சொன்னேனே, அன்று அதுவும் என்னைக் கைவிட்டது.

மாமாவின் கட்டில் வெறுமையாக இருந்தது.

அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் வயிற்றைப் பொத்தி, மறு கையால் சேலைன் கம்பத்தைப் பிடித்து, வெறுங்காலோடு, வளைந்து. ஒரு காலை இழுத்து வைத்தார், மற்றக் காலை இழுத்து வைத்தார். மண்வெட்டியை ஊன்றி வரம்பில் போவதுபோலக் கம்பத்தை ஊன்றிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். முதலாளியின் மகனுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"அதைத் தாங்க மகன். அது வாப்பாட முறை. அவர் கண் முழிச்சு அவரே துறக்கோணும். நாம தொடக் கூடா."

அவன் கொடுத்தான். மாமா அதை முதலாளியின் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டார். "முதலாளி, நோகக்குள்ள அமத்துங்க. மிச்சம் வைக்காதீங்க. வைச்சா வாவிக்குத்தான்" என்றார். முதலாளிக்குக் கேட்டதோ தெரியாது. அவர் கண்ணைத் திறந்து தானாக அழுத்தும்வரை அசையமாட்டேன் என்று மாமா அந்தக் கட்டிலடியிலேயே நின்றார். கால் நடுங்கியது. கம்பத்தில் போத்தல் ஆடியது. நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன், தொடலாமா கூடாதா என்று தெரியாமல்.

முதலாளியின் கட்டைவிரல் அசைந்தது. மெஷின் சத்தம் போட்டது. மாமா என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், கொஞ்சம் பிடிங்க" என்றார். "நோகுது."